வீட்டுச் சாமான் கணக்கு முழுக்க என் தலைக்குள்ளதான் இருக்கு, இதை எப்படி இறக்கி வைக்கிறது?

ரெண்டுசம்பளம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் அவரும் வேலைக்குப் போறோம். பெரியவ அஞ்சாம் வகுப்பு, சின்னவன் ஒண்ணாம் வகுப்பு. வெளியில சாப்பிடுறது அபூர்வம், துணிமணி தேவைக்கு மட்டும். அப்படியும் வீட்டுச் சாமான் செலவு மாசத்துக்கு மாசம் ஏறுது. விலை ஏறுறது ஒரு பக்கம். ஆனா குப்பைக்கூடையைக் கொட்டுறவ நான், அதனால இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். ஒரு கட்டுக் கீரையாவது ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல அழுகாத வாரமே இல்ல. மிச்சம் வெச்ச டப்பா எல்லாம் பின்னால போய் ஒளிஞ்சுக்குது, என்னைக்குச் சமைச்சதுன்னு தெரியாம அப்படியே கொட்ட வேண்டியிருக்கு.

அலமாரியைத் துடைக்கலாம்னு எல்லாத்தையும் கீழ இறக்கினா, பிரிக்காத உப்புப் பாக்கெட் மூணு வந்துச்சு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒண்ணுகூட இல்ல. இதுதான் எங்க வீட்டு நிலவரம்.

இதைவிட என்னைக் களைப்பாக்குறது வேற. என்ன தீர்ந்துச்சு, எது எங்க இருக்கு, எதை முதல்ல காலி பண்ணணும், எல்லாமே என் தலைக்குள்ளதான் ஓடுது. ஆபீஸ்ல இருக்கும்போதே "கத்திரிக்கோல் எங்க?"ன்னு போன் வரும். அவர் உதவாதவர் இல்ல. "சொல்லு, செய்யறேன்"னு நிஜமாவே சொல்வார், சொன்னா செய்யவும் செய்வார். ஆனா சொல்றதே ஒரு வேலையா இருக்கே! போன்ல லிஸ்ட் போடுற ஆப் ஒண்ணு எல்லாருக்கும் போட்டோம். அதுல எழுதுறதும் நான் ஒருத்திதான்.

வார நாள்ல ராத்திரி அரைமணி நேரம், ஞாயிறு காலையில ஒரு மணி நேரம், இதுக்கு மேல என்னால ஒதுக்க முடியாது. விடியக்காலை எழுந்திரிங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. வீணாகுறது குறையணும், இந்தப் பாரம் என் தலையில இருந்து இறங்கணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

நீலக்குடை எழுதியது:

தோழி, உங்க பதிவுல எங்க வீட்டையே பார்த்த மாதிரி இருந்துச்சு. எனக்கு உதவினது வாரத்துக்கான சமையல் பட்டியல். ஆனா ஏழு நாளையும் நிரப்பி எழுதாதீங்க. ரெண்டு நாள் வெத்தா விடுங்க. அந்த ரெண்டு நாளும் ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருக்கிறதுதான் சாப்பாடு. ஏழு நாளும் எழுதிட்டா மிச்சத்தைச் சாப்பிட நாளே கிடைக்காது, அதுதான் குப்பைக்குப் போகுது.

இன்னொண்ணு, ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் பட்டியல் எழுதுங்க. பட்டியல் எழுதிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தா இருக்கிறதையே மறுபடி வாங்குவோம்.

---

பழைய ஸ்டோர்கீப்பர் எழுதியது:

அம்மா, நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். போல்ட், பேரிங், கிரீஸ் டப்பாவிலிருந்து ஆபீஸ் பேனா வரை எங்கள் கவுன்ட்டரைத் தாண்டாமல் எதுவும் உள்ளே போகாது. ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாமான் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் நிலைமை எனக்குத் தூரத்துக் கதை இல்லை.

உப்பு மூன்று, சோப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் இது நன்றாகத் தெரிந்த நோய். வேண்டாதது குவிவதும் வேண்டியது தட்டுப்பாடாவதும் ஒரே ஸ்டோரில், ஒரே நாளில் நடக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எவ்வளவு இருக்கிறது என்ற தகவல் சாமானோடு இல்லாமல் ஒரு ஆளின் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த ஆள் லீவு போட்டால் மெஷின் நிற்கும். அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்தால், "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொன்று வாங்குவார். உங்கள் மூன்றாவது உப்புப் பாக்கெட் அப்படி வந்ததுதான். அதில் உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை. இத்தனையையும் ஒரு மனுஷி நினைவில் வைத்துக்கொள்ளணும் என்று ஏற்பாடு இருந்தால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

ஆகவே தீர்ந்துபோகும் சாமான் தானே வந்து "என்னை வாங்கு" என்று கேட்கிற மாதிரி செய்யணும். அதற்கு நாங்கள் வைத்திருந்தது ரெண்டு பின் முறை. பின் என்றால் தட்டில் அடுக்குகிற சின்னப் பெட்டி. ஒரே சாமான் முன்னும் பின்னுமாக ரெண்டு பெட்டியில் இருக்கும். முன்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்போம். அது காலியானதும் பின்பெட்டியை முன்னால் இழுத்து வைத்துவிட்டு, அதில் செருகியிருக்கும் அட்டையை வாங்குகிறவர் மேசையில் போட்டுவிடுவோம். எண்ணிப் பார்க்க வேண்டாம், ஞாபகம் வைக்க வேண்டாம். புதுச் சரக்கு வந்து சேரும்வரை ரெண்டாவது பெட்டி தாங்கும்.

வீட்டில் இதை இப்படிச் செய்கிறோம். உப்பு, சோப்பு, சலவைத்தூள், பற்பசை, தீப்பெட்டி, குப்பைப்பை, நாப்கின் போன்ற கெடாத சாமானில் ஒன்று உபயோகத்தில், ஒன்று அதற்குப் பின்னால். பின்னால் இருப்பதன் மேல் ஒரு ரப்பர் பேண்டு, அதில் சாமானின் பெயர் எழுதிய சின்ன அட்டை. அந்த இரண்டாவதைப் பிரிக்கிறவர் யாரோ அவரே அட்டையைக் கழற்றி, வாசல் பக்கம் மாட்டியிருக்கும் கிளிப்பில் செருகணும். கவனித்தவர் செருகணும் என்றோ அம்மாவிடம் சொல்லணும் என்றோ வைத்துவிடாதீர்கள். பிரித்த கைதான் செருகணும். முழு முறையும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. கடைக்குப் போகிறவர் கிளிப்பில் இருக்கும் அட்டைகளை உருவிக்கொண்டு போவார். அதுதான் பட்டியல். வாங்கி வந்ததும் புதுப் பாக்கெட்டைப் பின்னால் வைத்து அதே அட்டையை மாட்டிவிடுவார்.

உங்கள் ஆப் ஏன் தோற்றது என்பதும் இதில் தெரியும். சோப்பு தீர்கிற நேரத்தில் கை ஈரமாக இருக்கும், போன் வேறு அறையில் இருக்கும். அட்டை என்றால் சோப்பிலேயே இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத வேண்டாம், கழற்றிச் செருகினால் போதும். எங்கள் வீட்டுச் சின்னப் பேத்திக்கு அட்டையில் படம் வரைந்து கொடுத்தோம். அவள் ஒருத்திதான் இதுவரை ஒரு அட்டையையும் விட்டதில்லை.

பெரிய டப்பாவில் கொட்டி வைக்கிற சாமானுக்கு அட்டை மட்டும் போதாது. அதற்கு ஒரு கோடு போடுங்கள். சலவைத்தூள் வாரத்துக்கு 400 கிராம் போகிறது, நீங்கள் கடைக்குப் போவது 2 வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை போகும்வரை 800 கிராம் வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்து ஒரு வாரம் தள்ளிப்போனால் தாங்க இன்னொரு 400. ஆக 1,200 கிராம் இருக்கும்போது டப்பாவில் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே வெளிப்பக்கம் டேப்பால் ஒரு கோடு. தூள் அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் அதன் அட்டை கிளிப்புக்குப் போகணும். தொழிற்சாலையில் இதற்கு மறு ஆர்டர் மட்டம் என்று பெயர். பெரிய பெயராக இருந்தாலும் கணக்கு இவ்வளவுதான்.

அடுக்கும்போது முதலில் வந்தது முதலில் போகணும். புதியது எப்போதும் பின்னால், பழையது முன்னால். அலமாரி ஆழமாக இருந்தால் ஒவ்வொரு தட்டிலும் ஒரு தட்டையான பெட்டி வைத்து இழுப்பறை மாதிரி ஆக்கிவிடுங்கள். கை போகாத மூலையில் வைத்த சாமான் காணாமல் போனதற்குச் சமம்.

மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1913லேயே ஃபோர்ட் ஹாரிஸ் என்ற பொறியாளர் இதற்குக் கணக்கு எழுதி வைத்தார். அடிக்கடி வாங்குவதற்கு ஒரு செலவு உண்டு, வாங்கியதைக் கட்டிக்காப்பதற்கும் ஒரு செலவு உண்டு, இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் சரியான அளவு என்றார். வீட்டில் கட்டிக்காக்கும் செலவு என்பது கெட்டுப்போவது, பூச்சி விழுவது, இடம் அடைப்பது. இன்னொன்றும் உண்டு. டப்பா நிறைந்திருந்தால் அள்ளுகிற கை தாராளமாகிவிடும். எனவே கெடாததாகவும், வாரத்துக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரிந்ததாகவும் இருந்தால் மட்டும் மொத்தமாக வாங்குங்கள். அப்போதும் பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பாக்கெட் எல்லா நேரமும் மலிவாக இருக்காது.

எல்லாச் சாமானையும் ஒரே நேரத்தில் இந்த முறைக்குக் கொண்டுவராதீர்கள், அரைமணி நேரம் போதாது. பழைய கடைச் சீட்டுகளை எடுத்து, தொகையைத் தின்கிற சாமான்களையும் இல்லாமல் போனால் வீட்டையே நிறுத்துகிற சாமான்களையும் மட்டும் வட்டமிடுங்கள். அவற்றோடு தொடங்குங்கள். குண்டூசிக்கும் மோட்டாருக்கும் ஒரே கவனம் கொடுத்த ஸ்டோர்கீப்பர் யாரும் நெடுநாள் நிலைத்ததில்லை.

---

விடுதி அடுப்படி எழுதியது:

ஐயா சொன்னது அலமாரிக்கு. நான் ஃப்ரிட்ஜுக்குச் சொல்றேன். ஒரு மாணவர் விடுதிச் சமையலறையைப் பார்த்துக்கிறேன், மிச்சம் விழுறதுதான் என் தினசரிக் கவலை.

சகோதரி, உங்க வீட்டுல மட்டும் நடக்குற தப்புன்னு நினைச்சு மனசை வருத்திக்காதீங்க. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ல மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாச்சு. அதுல 100க்கு 60 பங்கு கடையிலயோ ஹோட்டலிலயோ இல்ல, வீடுகள்ல.

முதல் வேலையா கண்ணுக்கு நேரா இருக்கிற தட்டுல ஒரு திறந்த டிரே வைங்க. "முதல்ல இது"ன்னு எழுதி ஒட்டுங்க. மிச்சம், பாதி வெட்டின காய், வாடப்போறது எல்லாம் அதுலதான். சமைக்கிறவங்களும் பசியோட ஃப்ரிட்ஜைத் திறக்குறவங்களும் டிரேயைப் பார்த்துட்டுத்தான் மத்த தட்டுக்குக் கை நீட்டணும். கீரை அடித்தட்டுல சாகுறது பாதி நேரம் கண்ணுல படாததாலதான். மீதிப் பாதி ஈரத்தால. கழுவி ஈரத்தோட வைக்காதீங்க. உலர்ந்த துணியில சுத்தி வைங்க, சமைக்கும்போது கழுவினா போதும். ஆப்பிள், வாழை, தக்காளி மாதிரி பழுக்குறது எதையும் கீரை பக்கத்துல வைக்கக் கூடாது. பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு விடும், அது பக்கத்துல இருக்கிற இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும்கூடப் பிரிச்சு வைங்க.

டப்பா ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு டேப், அதுல சமைச்ச தேதி. பேரு எழுத வேண்டாம், திறந்தா தெரிஞ்சுடும். தேதிதான் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்க அடுப்படியில பேனாவை ஃப்ரிட்ஜ் கைப்பிடியிலயே நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்கோம்.

சமைச்சதை 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுடணும். பெரிய பாத்திரத்தோட வெச்சா நடுப்பகுதி ஆற ரொம்ப நேரம் ஆகும், அகலமான தட்டைப் பாத்திரத்துல பரத்தி வைங்க. 3, 4 நாளுக்குள்ள சாப்பிட்டுடுங்க, முடியாதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே உறைய வைங்க. சோறு விஷயத்துல கூடுதல் கவனம் வேணும். அதுல இருக்கிற ஒரு வகைக் கிருமியோட வித்து வேகுறதுலகூட சாகாது. வெளியவே ரொம்ப நேரம் கிடந்தா பெருகி நச்சை விட்டுடும், அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. நல்லாக் கொதிக்க வெச்சுட்டா சரியாப் போயிடும்னு பிள்ளைங்களுக்குக் கொடுத்துடாதீங்க.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதுக்குக் கீழ, ஃப்ரீசர் மைனஸ் 18. குமிழ்ல இருக்கிற எண் டிகிரி கிடையாது. ஒரு டம்ளர் தண்ணியில சின்ன தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க நடுத்தட்டுல வெச்சுப் பாருங்க. கதவுத் தட்டுதான் அதிகம் சூடேறுற இடம், பாலை அங்க வைக்காதீங்க.

பாக்கெட்ல போட்டிருக்கிற தேதியையும் படிச்சுப் பாருங்க. "இதற்கு முன் சிறந்தது"ன்னு இருந்தா தரத்தைப் பத்தினது. தேதி தாண்டினதும் நஞ்சாகிடாது, மணம் ருசி கொஞ்சம் குறையலாம். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்"னு இருந்தா பாதுகாப்பைப் பத்தினது, அதை மீறக் கூடாது. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு நல்ல சாமானைக் கொட்டுற வீடு நிறைய.

---

ரெண்டுசம்பளம் எழுதியது:

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் கைகூப்பி நன்றி. அட்டை யோசனையை அவர்கிட்டப் படிச்சுக் காட்டினேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சீட்டுல வட்டம் போடப் போறோம்.

ரெண்டு கேள்வி. அந்த "எங்க இருக்கு?" போனுக்கு என்ன செய்யறது? அப்புறம், வேலையைப் பிரிச்சுக்கலாம்னு அவர் சொல்றார். காய் நறுக்குறது, துணி காயப்போடுறதுன்னு ஏற்கெனவே பிரிச்சுத்தான் இருக்கோம். அப்படியும் ஏன் எனக்குக் குறையவே இல்ல?

---

பழைய ஸ்டோர்கீப்பர் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் கருவிகளை மாட்டும் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் பெயின்ட்டால் வரைந்திருக்கும். ஸ்பேனரை எடுத்தால் அதன் நிழல் மாதிரி அந்த உருவம் தெரியும். எது வெளியே போயிருக்கிறது, எதை எங்கே மாட்டணும் என்று புதிதாக வந்த பையனும் யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்வான்.

கத்திரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், டேப், டார்ச், சாவி. வீட்டில் அதிகம் தேடுகிற சாமான் இப்படி ஒரு கைப்பிடிதான் இருக்கும். அலமாரிக் கதவின் உள்பக்கம் கெட்டி அட்டை ஒட்டி, கொக்கி மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் மார்க்கரால் சுற்றி வரைந்துவிடுங்கள். வரைகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், தாங்கள் வரைந்த இடத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

எதற்கு எங்கே இடம் கொடுப்பது என்றால், முதலில் எங்கே தேவைப்படுகிறதோ அங்கேதான். பார்சல் பிரிக்கிற கத்திரிக்கோல் வாசலில், பால் பாக்கெட் வெட்டுகிறது அடுப்படியில். கத்திரிக்கோல் இரண்டு இருப்பது ஆடம்பரமாகாது. தினம் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில், பிள்ளைகள் எடுக்க வேண்டியது அவர்கள் கை எட்டும் உயரத்தில், வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பது உச்சியில். ஒரு வருஷமாக யாரும் தொடாததை நாங்கள் நகராச் சரக்கு என்போம். அது சும்மா கிடப்பதாகத் தோன்றினாலும் தினசரிச் சாமானின் இடத்தை அடைத்துக்கொண்டு உங்களைத் தேட வைக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

---

சமூகவியல் மாணவி எழுதியது:

அக்கா, உங்க ரெண்டாவது கேள்வியைத்தான் நான் படிச்சுக்கிட்டிருக்கேன். அலிசன் டேமிங்கர்னு ஒரு சமூகவியலாளர் 2019ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. தம்பதிகளைப் பேட்டி எடுத்து, வீட்டு வேலைக்குப் பின்னால மனசுல நடக்குற வேலையை நாலாப் பிரிச்சாங்க. வரப்போற தேவையை முன்கூட்டியே உணர்றது, அதுக்கு என்னென்ன வழி இருக்குன்னு தேடுறது, முடிவெடுக்குறது, நடந்துச்சான்னு கண்காணிக்கிறது. முடிவெடுக்குறதைத் தம்பதிகள் பெரும்பாலும் சேர்ந்தே செய்யறாங்க. முதல்ல வர்ற உணர்றதும் கடைசியில வர்ற கண்காணிக்கிறதும்தான் பெண்கள் பக்கம் அதிகமா விழுதுன்னு கண்டாங்க.

நீங்க பிரிச்சது கையால செய்யற வேலையை. காய் நறுக்குறது அவரோடது, ஆனா காய் இருக்கா, எது வாடுது, நாளைக்கு எது வேணும்ங்கிறது உங்களோடது. அதனால இனி வேலையைத் துண்டு துண்டாப் பிரிக்காதீங்க, ஒரு துறையை முழுசாக் கொடுத்துடுங்க. உதாரணமா துணி. பள்ளிச் சீருடை எத்தனை செட் இருக்கு, எது சின்னதாப் போச்சு, சலவைத்தூள் கோட்டுக்கு மேல இருக்கா, துவைச்சது மடிச்சு அவங்கவங்க தட்டுக்குப் போச்சா, எல்லாம் அவர் பொறுப்பு. நீங்க ஞாபகப்படுத்தக் கூடாது, சரிபார்க்கவும் கூடாது. ஸ்டோர்கீப்பர் ஐயாவோட அட்டை எனக்குப் பிடிச்சதே இதனாலதான். "முன்கூட்டியே உணர்றது"ங்கிற வேலையை அது எந்த மனுஷர் தலையிலயும் வைக்காம ரப்பர் பேண்டுல மாட்டி வெச்சிருக்கு.

---

நீலக்குடை எழுதியது:

அருமை. செலவு குறைக்க நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கடையில கிளீனர் வாங்குறதையே விட்டுட்டேன். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து ஒரு பாட்டில்ல கலந்து வெச்சு எல்லா இடமும் துடைக்கிறேன்.

---

வேதியியல் டீச்சர் எழுதியது:

நீலக்குடை, நல்ல மனசோட சொல்றீங்க. ரெண்டையும் தனித்தனியாப் பயன்படுத்தினா இன்னும் நல்ல பலன் கிடைக்கும். வினிகர் அமிலம், சமையல் சோடா காரம். சேர்ந்ததும் நுரை பொங்கும், அது வெறும் கார்பன் டை ஆக்சைடு. பொங்கி அடங்கினதும் பாட்டில்ல இருக்கிறது பெரும்பாலும் சோடியம் அசிடேட் கரைஞ்ச தண்ணிதான். அமிலமும் போச்சு, காரமும் போச்சு. கெட்டில்லயும் குழாய் வாயிலயும் படிஞ்ச வெள்ளை உப்புக்கறைக்கு வினிகரைத் தனியா ஊத்தி ஊற விடுங்க, கரைஞ்சுடும். எண்ணெய்ப் பிசுக்குக்கும் பாத்திர அடிக்கும் சோடாவை ஈரத்துணியில தொட்டுத் தேயுங்க.

சேர்த்துக் கலக்குற பழக்கம் இருக்கிறவங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லியே ஆகணும். பிளீச்சை எதோடயும் கலக்கக் கூடாது. வினிகரோ அமிலம் இருக்கிற டாய்லெட் கிளீனரோ அதுல பட்டா குளோரின் வாயு வரும், அம்மோனியா இருக்கிற கிளீனரோட சேர்ந்தா குளோரமைன் வாயு. மூடின குளியலறையில இது உயிருக்கே ஆபத்து. சொந்தமாக் கலக்குறது எதுவானாலும் பாட்டில் மேல என்ன இருக்குன்னு எழுதுங்க. குடிக்கிற பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க, வீட்டுல பிள்ளைங்க இருக்காங்க.

துவைக்கிறதுல மிச்சம் பிடிக்க இடம் இருக்கு. சுடுதண்ணியில துவைக்கிற மெஷின்னா கரண்டுல பெரும்பங்கு தண்ணியைச் சூடு பண்ணத்தான் போகும். சாதாரண அழுக்குக்குக் குளிர்ந்த தண்ணியே போதும், சுடுதண்ணியை நோயாளி துணிக்கும் குழந்தைத் துணிக்கும் வெச்சுக்கோங்க. தூளை அளந்து போடுங்க. அதிகம் போட்டா அதிகம் வெளுக்காது, துணியில தங்கி விறைப்பாக்கும். ஒழுகுற குழாயையும் தள்ளிப்போடாதீங்க. ஒரு சொட்டு கால் மில்லின்னு வெச்சு, நொடிக்கு ஒரு சொட்டுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல வரும். கழிவறைத் தொட்டியோட கசிவு கண்ணுக்கே தெரியாது. தொட்டியில நாலு சொட்டு உணவு நிறத்தை விட்டு, ஒரு கால்மணி நேரம் யாரும் தண்ணி விடாம இருங்க. கோப்பையில நிறம் வந்தா வால்வு கசியுதுன்னு அர்த்தம்.

---

ரெண்டுசம்பளம் எழுதியது:

துணித் துறையை அவர் எடுத்துக்கிட்டார். சரிபார்க்காம இருக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறேன், இருந்தாலும் முயற்சி பண்றேன்.

ஐயா, கடைசியா ஒண்ணு. மருந்துப் பெட்டிக்கும் இந்த ரெண்டு பின் முறை சரியா வருமா? அதுலயும் இதே குழப்பம்தான், காய்ச்சல் வர்ற ராத்திரியிலதான் மாத்திரை காலாவதியானது தெரியுது.

---

பழைய ஸ்டோர்கீப்பர் எழுதியது:

மருந்துக்கு அப்படியே பொருந்தாது அம்மா. தேதி உள்ள சரக்கில் முதலில் வந்தது எது என்று பார்ப்பதில்லை, முதலில் காலாவதியாவது எது என்று பார்ப்போம். பிறகு வாங்கியது முதலில் வாங்கியதைவிடச் சீக்கிரம் காலாவதியாகலாம். அதனால் தேதி நெருங்கியது முன்னால் வரும்படி அடுக்குங்கள். அடிக்கடி தேவைப்படும் காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, காயத்துக்குப் போடும் பஞ்சு, பேண்டேஜ் இவற்றுக்கு மட்டும் அட்டை மாட்டலாம். டாக்டர் எழுதிக்கொடுத்து மிஞ்சியதை இருப்பில் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுக்காதீர்கள், முக்கியமாக ஆன்டிபயாட்டிக்கை.

பெட்டியைக் குளியலறையில் வைக்க வேண்டாம். ஆவியும் சூடும் மருந்தைக் கெடுக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். உலர்ந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டு இருந்தால் நல்லது. பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எந்த மருந்து எந்த மாசம் முடிகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். முடிகிற மாசத்துக்கு முந்தின மாசமே அதன் அட்டையைக் கிளிப்பில் செருகிவிடலாம். பிள்ளைகளுக்கான திரவ மருந்தின் பாட்டிலில் திறந்த தேதியையும் எழுதுங்கள், ஏனென்றால் சில மருந்துகளுக்குத் திறந்த பிறகு ஆயுள் குறைவு, அது லேபிளில் போட்டிருக்கும்.

மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கும்போது எல்லாரும் கைக்கு வந்த ஓரத்தில் வெட்டிவிடுகிறோம், பெயரும் தேதியும் முதலிலேயே போய்விடுகிறது. அச்சடித்திருக்கும் ஓரம் எது என்று பார்த்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசி மாத்திரை வரை தேதி கூடவே இருக்கும்.